ஓடியும் ஏறாத பற்றரி: வீட்டு வானில் சார்ஜ், ரிலே கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றர் அளவு. நடுவில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போனால் ஒன்றரை மணித்தியால ஓட்டம். அவ்வளவு நேரம் எஞ்சின் ஓடியிருந்தால் பின்பக்கப் பற்றரியில் இரவுக்குப் போதுமான சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அன்று இரணைமடுப் பக்கம் வானை நிறுத்தி, பிள்ளைகளைப் படுக்கவைத்து, பிரிஜ்ஜைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் விளக்கும் மங்கி, பிரிஜ்ஜும் நின்றுவிட்டது. முல்லைத்தீவில் வாங்கிய மீன் விடியுமுன் பழுதாகிவிட்டது.

கடையில் "பற்றரி போச்சு" என்றார்கள். புதிது வாங்கிப் பூட்டினேன். எட்டு மாதத்தில் அதற்கும் அதே கதி. மூன்றாவதற்குக் காசு எண்ணிக்கொண்டு நின்றபோதுதான் மாங்குளத்தில் பழைய வயரிங்காரர் ஒருவரிடம் போனேன். "பற்றரியை ஏன் தம்பி ஏசுறாய்? அது பட்டினி கிடக்குது. சோறு எந்த இடத்தில மறிபட்டு நிக்குதெண்டு பாப்பம்" என்றார். வானை ஓடவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பின்பக்கப் பற்றரியின் மைனஸிலும் மற்ற முனையை முன்பக்கப் பற்றரியின் மைனஸிலும் வைத்தார். பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டிய இடத்தில் 0.75 வோல்ற் காட்டியது. முந்தின வருடம் ரிங்கரிங் வேலை செய்தவர்கள் பின்பக்க ஏர்த் போல்ற்றை (மைனஸ் வயரை வானின் உடலோடு பிணைக்கும் போல்ற்) கழற்றி, அந்த இடத்துக்கும் சேர்த்து அழகாகப் பெயின்ற் அடித்து, அதற்கு மேலேயே வயரைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். ஒரு துண்டு சாண்ட்பேப்பரும் கால் மணித்தியாலமும்தான் செலவு.

அவர் மீற்றர் வைத்த அந்த விதத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரு பற்றரியின் இரண்டு முனையில் வைத்து "பன்னிரண்டு இருக்கு, சரி" என்று சொல்வது அளப்பதல்ல. மின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரே பாதையின் இரு நுனிக்கும் இடையில் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

பாதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு வான் என்று நான் சொல்வது படுக்கை, அடுப்பு, பிரிஜ் பூட்டிய எந்த வாகனத்தையும்தான். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை ஏற்றித் திரிவதற்காக மாற்றிய ஹைஏஸ் ஆகலாம், பழைய பஸ்ஸில் செய்ததாகலாம். இரண்டு பற்றரி இருக்கும். முன்பக்கத்தது எஞ்சினை ஸ்ராட் பண்ண. பின்பக்கத்தது வீட்டுப் பாவனைக்கு. எஞ்சின் ஓடும்போது அல்ரனேற்றர் (எங்கள் ஊரில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்) முன் பற்றரியை நிரப்புகிறது. அங்கிருந்து ஒரு தடித்த வயர், ஒரு பியூஸ், ரிலே, இன்னொரு பியூஸ், பிறகு பின் பற்றரி. திரும்பிவரும் பாதை வானின் பொடி, அதாவது அதன் இரும்பு உடல்.

நடுவில் நிற்கும் ரிலேக்கு ஒரே வேலைதான்: எஞ்சின் ஓடும்போது இரண்டு பற்றரியையும் சேர்ப்பது, நின்றதும் பிரிப்பது. அது சேர்க்காவிட்டால் இரவில் பிரிஜ் நிற்கும். பிரிக்காவிட்டால் விடியக் காலை வான் ஸ்ராட் ஆகாது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், இரவு முழுக்கப் பிரிஜ்ஜும் மின்விசிறியும் ஓடவிட்டு, காலையில் ஆட்களைக் கூப்பிட்டு மணலில் வானைத் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பற்றரிகள் இரண்டுமே நல்லவை. ரிலே ஒட்டிக்கொண்டு நின்றது.

பியூஸ் ஏன் இரண்டு என்று கேட்பார்கள். வயரின் இரு நுனியிலும் பற்றரி இருப்பதால், நடுவில் எங்கே உரசிப் பொடியில் பட்டாலும் இரண்டு பக்கமிருந்தும் மின் பாயும். ஒரு பக்கம் மட்டும் பியூஸ் போட்டால் மறுபக்கம் வயரைச் சிவக்கக் காய்ச்சும். உங்கள் வானில் ஒன்றுதான் இருந்தால், கோளாறு தேடுமுன் அதைச் சரிசெய்யுங்கள்.

தொடங்குமுன்

வேண்டியவை: டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று, ஐந்தாறு மீற்றர் நீளமான வயர் ஒன்று (மீற்றர் முனையை நீட்ட), ஸ்பனர்கள், சாண்ட்பேப்பர், வசலின். நேர்மின் அளக்கும் கிளாம்ப் மீற்றர் கிடைத்தால் பாதி வேலை குறையும். வாங்கும்போது நேர்மின்னை அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள், மலிவானவற்றில் பல வீட்டு மின்னை மட்டுமே அளக்கும்.

மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி கழற்றி வையுங்கள். ஸ்பனரால் பிளஸையும் பொடியையும் ஒருசேரத் தொட்டால் ஸ்பனரே ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசிட் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை விடும். பக்கத்தில் பீடி, சிகரெட், பொறி கூடாது. வயர் கழற்றுவதென்றால் மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பற்றரி டேர்மினலைக் கழற்றி, "நிக்காட்டி டைனமோ நல்லம்" என்று பார்க்கும் பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய எஞ்சின்களுக்கு அது பரவாயில்லை. இன்றைய வாகனத்தில் அந்த நொடியில் எழும் வோல்ற் அல்ரனேற்றரின் டயோட்டையும் (மின்னை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) எஞ்சின் கம்பியூற்றரையும் அடித்துவிடும். யாராவது ஸ்பனரோடு வந்தால் தடுத்துவிடுங்கள்.

முதல் படி: பன்னிரண்டா இருபத்துநாலா, ரிலே என்ன வகை?

ஹைஏஸ் போன்ற வான்கள் 12 வோல்ற். ஆனால் கோஸ்ரர், ரோசா போன்ற பஸ்களிலும் லொறிகளிலும் பல 24 வோல்ற்: இரண்டு 12 வோல்ற் பற்றரியை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். அப்படியான பஸ்ஸில் வீட்டுச் சாமான்களுக்கு இரண்டில் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்திருந்தால், ரிலேயைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம், கோளாறு அதுதான். எடுத்த பற்றரி எப்போதும் குறைவாகவே கிடக்கும். எடுக்காதது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். 24-இலிருந்து 12-க்கு இறக்கிச் சார்ஜ் பண்ணும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பூட்டுவதுதான் மருந்து.

ரிலேயில் நீங்கள் சந்திக்கக்கூடியவை நாலு வகை. சாதாரண ரிலே அல்லது பெரிய சோலனொயிட் (காந்தச் சுருளால் மூடும் தடித்த சுவிட்ச்), திறப்பைத் திருப்பியதும் அல்லது அல்ரனேற்றர் வேலை தொடங்கியதும் சேரும். வோல்ற் பார்த்துச் சேரும் ரிலேக்கு திறப்போடு தொடர்பில்லை. முன் பற்றரி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறியதும் சேர்ந்து, 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரியும் (தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறிது மாறும்). டயோட் வகையில் அசையும் பாகமே இல்லை, ஆனால் அதன் ஊடாகப் போகும்போதே 0.6, 0.7 வோல்ற் தொலைந்துவிடும். கடைசி, டிசி-டிசி சார்ஜர்: முன்பக்கத்திலிருந்து மின்னை எடுத்து, பின் பற்றரிக்கு வேண்டிய வோல்றில் ஏற்றும் பெட்டி.

டயோட் வகை உங்கள் வானில் இருந்து, பின் பற்றரி ஒருபோதும் நிரம்புவதில்லை என்றால், பழுது எதுவும் இல்லை. அது அப்படித்தான். மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஓய்வில் அளப்பது

இரவு முழுக்க எதையும் போடாமல் விட்டு, விடியக் காலை, வெயில் ஏறுமுன் இரண்டு பற்றரியையும் அளந்து எழுதுங்கள். கூரையில் சோலார் இருந்தால் அதற்கு மேலே தறப்பாள் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பற்றரியை அல்ல, சூரியனை.

ஈயப் பற்றரிக்கு: 12.7 என்றால் நிறைவு. 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8-க்குக் கீழே என்றால் வெறும் பெட்டி. ஓடி வந்து நிறுத்திய உடனே அளந்தால் 13 கூடக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்ப வேண்டாம்.

லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரிக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அது நிறைவில் 13.3 அளவிலும், நெடுநேரம் 13-ஐ ஒட்டியும் நிற்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: வோல்ற் பார்க்கும் ரிலேயோடு லிதியத்தைச் சேர்த்தால், எஞ்சின் நின்ற பிறகும் 12.8-க்கு மேல் இருப்பதால் ரிலே பிரியாமல் கிடக்கும். ஓடும்போதோ அது அல்ரனேற்றர் தரும் அம்பியர் முழுவதையும் இழுத்து, அதைக் காய்ச்சும். லிதியம் போடுவதென்றால் டிசி-டிசி சார்ஜரோடு போடுங்கள்.

மூன்றாம் படி: அல்ரனேற்றர்

எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன் பற்றரியில் அளங்கள். 13.8-இலிருந்து 14.4 வரை நல்லது. 13.5-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் பெல்ற் தளர்வு (நடுவில் பெருவிரலால் அமர்த்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குமேல் அமிழக்கூடாது), தேய்ந்த பிரஷ், ரெகுலேற்றர் (வோல்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ரெகுலேற்றர் போய்விட்டது, இரண்டு பற்றரியும் வேகும்.

திறப்பைத் திருப்பியதும் டாஷ்போட்டில் பற்றரிச் சின்னம் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். திருப்பியவுடன் எரியவே இல்லை என்றால் அந்தச் சிறு பல்ப் போயிருக்கலாம். பல அல்ரனேற்றர்களுக்கு அந்த பல்ப் வழியாக வரும் சிறு மின்தான் உசுப்பு. அது இல்லாமல் அவை தூங்கும்.

பிறகு மீற்றரை மாறுமின் வோல்றுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் டயோட் ஒன்று போயிருக்கும். வோல்ற் சரியாகத் தெரியும், அம்பியர் வராது; ஆட்களைக் குழப்பும் பழுது இது.

சில புதிய வாகனங்களில் அல்ரனேற்றரைக் கம்பியூற்றர் ஆட்டிவைக்கும், ஏற்றத்தில் 12.5-க்கு இறக்கி, இறக்கத்தில் 15 வரை ஏற்றும். அங்கே வோல்ற் பார்க்கும் ரிலே சேர்ந்து பிரிந்து சேர்ந்து பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். பழுதில்லை, பொருத்தமில்லை. பெரும்பாலான ஹைபிரிட் வாகனங்களில் அல்ரனேற்றரே இருக்காது, செம்மஞ்சள் வயர்களில் கை வைக்கவே வேண்டாம்.

நாலாம் படி: பின் பற்றரியைப் பட்டினி போட்டு அளப்பது

இதுதான் முக்கியமான படி, இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். பின் பற்றரி நிரம்பியிருக்கும்போது அதற்குள் மின் ஓடாது. மின் ஓடாவிட்டால் கறள் பிடித்த போல்ற்றிலும் இழப்புத் தெரியாது, எல்லா இடத்திலும் 14 என்று காட்டும். அதனால் முதல் நாள் இரவு விளக்கு, மின்விசிறி, பிரிஜ் எல்லாம் போட்டுப் பற்றரியைப் பாதியளவுக்கு இறக்கிவிட்டு வாருங்கள்.

எஞ்சின் ஓடட்டும். முன் பற்றரியில் அளந்து, உடனே பின் பற்றரியில் அளங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

முன்னால் 14.2, பின்னால் 13.8 என்றால் சுகம். சார்ஜ் ஏறுகிறது, பிரிஜ் நிற்பதற்குக் காரணம் பற்றரியின் கொள்ளளவு, அல்லது நீங்கள் ஓடும் தூரம் போதாமை. ஏழாம் படிக்குப் போங்கள்.

முன்னால் 14.2, பின்னால் 12.3, அதுவும் எஞ்சின் நின்றபோது இருந்த அதே 12.3 என்றால் பாதை அறுந்திருக்கிறது. பியூஸ், ரிலே, கழன்ற வயர். ஐந்தாம் படி.

முன்னால் 14.2, பின்னால் 13.1 என்றால் பாதை இருக்கிறது, ஆனால் வழியில் களவு போகிறது. என் வானின் நோய் இதுதான். ஆறாம் படி.

ஐந்தாம் படி: பியூஸும் ரிலேயும்

பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரு பக்கமும் தனித்தனியாகப் பொடிக்கு எதிராக அளங்கள். இரண்டிலும் ஒரே வோல்ற் வர வேண்டும். மழைக்காலத்தில் ஏ35 பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பள்ளம் பள்ளமாக வெள்ளத்தில் இறக்கி ஏற்றிய வானுக்குப் பியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கும். பியூஸ் நல்லது, அதைப் பிடிக்கும் பல் கெட்டது.

ஒவ்வொரு காலையும் ஸ்ராட் பண்ணும் நொடியிலேயே பியூஸ் போகிறதா? ரிலே திறப்போடு சேர்ந்து மூடுவதால், ஸ்ராட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியரில் ஒரு பங்கு பின் பற்றரியிலிருந்து அந்த வயர் வழியாக வர முயல்கிறது. பெரிய பியூஸ் போடுவது மருந்தல்ல. எஞ்சின் ஓடிய பிறகே ரிலே மூடும்படி வயரை மாற்ற வேண்டும்.

சாதாரண ரிலேயில் நாலு கால் இருக்கும். 85, 86 என்று எழுதியவை சுருளுக்கு; 30, 87 தடித்த மின்னுக்கு. எஞ்சின் ஓடும்போது 85-க்கும் 86-க்கும் இடையில் அளங்கள்.

பன்னிரண்டுக்கு மேல் வோல்ற் வருகிறது, ரிலே டிக் என்று சொல்லவில்லை என்றால் சுருள் அறுந்தது. ரிலேயை மாற்றுங்கள்.

வோல்ற் வரவில்லை என்றால் இரண்டு காலையும் தனித்தனியாகப் பொடிக்கு எதிராகப் பாருங்கள். இரண்டிலும் 14 வந்தால் சுருளின் ஏர்த் கழன்றிருக்கிறது. ஒன்றிலும் வராவிட்டால் திறப்பிலிருந்தோ அல்ரனேற்றரிலிருந்தோ வரும் மெல்லிய வயரைப் பின்தொடருங்கள். வன்னியில் அந்த மெல்லிய வயருக்கு எலிதான் எமன். வீட்டு முற்றத்தில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்த வானில் சீற்றுக்கடியில் கையை விட்டுப் பாருங்கள்.

டிக் என்று சொல்கிறது, ஆனால் மின் போகவில்லை என்றால் 30-க்கும் 87-க்கும் இடையில் அளங்கள். மூடிய ரிலேயில் அங்கே 0.1 வோல்றுக்குமேல் இருக்கக்கூடாது. அரை வோல்ற், ஒரு வோல்ற் காட்டினால் உள்ளே முனைகள் கருகிவிட்டன. ஒருமுறை திறந்து பார்த்தபோது இரு முனைக்கும் நடுவில் எறும்பொன்று நசிந்து கிடந்ததையும் கண்டிருக்கிறேன். மூடிச் சீல் பண்ணிய ரிலேயை வாங்குங்கள்.

பெரிய சோலனொயிட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்ராட்டருக்கான சோலனொயிட்டும் தொடர்ந்து இயங்குவதற்கான சோலனொயிட்டும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி. முதலாவது சில நொடிகளுக்கு மட்டும் செய்யப்பட்டது. அதை மணிக்கணக்கில் மூடி வைத்தால் கை வைக்க முடியாமல் காய்ந்து, சுருள் கருகும். ஓமில் அளந்தால் பிடிபடும்: 12 வோல்றில் தொடர்ந்து இயங்கும் வகையின் சுருள் 12, 15 ஓம் அளவில் இருக்கும், ஸ்ராட்டர் வகை நாலைந்து ஓம்தான். அதோடு, அல்ரனேற்றரின் விளக்கு வயரிலிருந்து பெரிய சோலனொயிட்டை நேராக இயக்காதீர்கள், ரெகுலேற்றர் அவ்வளவு சுமை தாங்காது. நடுவில் ஒரு சிறு ரிலே வையுங்கள்.

வோல்ற் பார்க்கும் ரிலேயில் முதலில் பார்க்க வேண்டியது அதன் கறுப்பு ஏர்த் வயர். அது கழன்றால் ரிலேக்கு வோல்ற் தெரியாது. அடுத்து, ரிலேயின் முன்பக்க போல்ற்றிலேயே அளங்கள், பற்றரியில் 14.2 இருந்து ரிலேயில் 13.1தான் வந்தால், அது மூடாமல் இருப்பது அதன் குற்றமல்ல.

சிலவேளை இந்த ரிலே பல்லி சொல்வதுபோல டிக்... டிக்... என்று சொல்லிக்கொண்டிருக்கும். சகுனம் பார்க்கத் தேவையில்லை. 13.3-இல் மூடுகிறது, வெறும் பற்றரி ஒரேயடியாக இழுக்க வோல்ற் 12.8-க்குக் கீழே விழுகிறது, திறக்கிறது, வோல்ற் ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. முன்பக்கத்திலிருந்து ரிலேக்கு வரும் வயர் மெல்லியது, அல்லது பெல்ற் வழுக்குகிறது, அல்லது எஞ்சின் மிக மெதுவாக ஓடுகிறது.

இனி ஒட்டிக்கொண்ட ரிலே. எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, முன் விளக்கை ஐந்து நிமிடம் போட்டு மேலோட்டச் சார்ஜை இறக்கி, அணைத்துவிடுங்கள். இப்போது பின்பக்கத்தில் பிரிஜ் போன்ற பெரிய சாமான் ஒன்றைப் போட்டு, முன் பற்றரியில் அளங்கள். பின்னால் போடப் போட முன்னால் வோல்ற் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. ஸ்பனரால் தட்டினால் விடும், உண்மைதான். அடுத்த முறையும் ஒட்டும். சோலார் உள்ளவர்கள் மட்டும் கவனியுங்கள்: இரு பக்கமும் வோல்ற் பார்க்கும் ரிலேயில், நல்ல வெயிலில் பின் பற்றரி 13.5-க்கு ஏறினால் எஞ்சின் ஓடாமலே மூடும். முன் பற்றரிக்கும் வெயிலில் பங்கு கொடுக்கத்தான் அது. மூடி வைத்த தறப்பாளோடு சோதியுங்கள்.

ஆறாம் படி: களவு போகும் இடம்

எஞ்சின் ஓட்டத்தில், பட்டினி கிடந்த பற்றரி இழுத்துக்கொண்டிருக்கும்போது, நீண்ட வயரை மீற்றரில் மாட்டுங்கள். முன் பிளஸுக்கும் பின் பிளஸுக்கும் இடையில் ஒரு அளவு. முன் மைனஸுக்கும் பின் மைனஸுக்கும் இடையில் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால், முன் பின் பற்றரிகளின் வோல்ற் வித்தியாசம் வர வேண்டும். என் வானில் பிளஸ் பக்கம் 0.35, மைனஸ் பக்கம் 0.75, கூட்டினால் 1.1. முன்னால் 14.2, பின்னால் 13.1. கணக்கு ஒத்துப்போனது.

பிளஸ் பக்கம் 0.3, மைனஸ் பக்கம் 0.2. அதற்குமேல் விடமாட்டேன். கூடிய பக்கத்தில் துண்டு துண்டாக அளந்து போங்கள்: பற்றரி முனையிலிருந்து லக்குக்கு (வயர் நுனியில் பூட்டிய வளையம்), லக்கிலிருந்து பியூஸின் மறுபக்கத்துக்கு, ரிலேக்கு, அப்படியே பின்னால். ஓரிடத்தில் எண் பாயும். அங்கே கையை வைத்தால் சூடு தெரியும். 0.02 ஓம் தடை 30 அம்பியரில் 0.6 வோல்றைத் தின்று, 18 வாற் சூடாக மாற்றுகிறது. பெட்டிக்குள் ஒரு சிறு பல்ப் எரிவதுபோல.

துண்டு துண்டாகப் பார்த்து எங்கேயும் பாயவில்லை, வயரின் நீளம் முழுக்கச் சமமாகத் தொலைகிறது என்றால் வயர் மெல்லியது. ஐந்து மீற்றர் செம்பு வயரில் 30 அம்பியர் ஓடும்போது: 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஒரு வோல்றுக்குமேல் போகும், 6-இல் 0.44; 16-இல் 0.16, 25-இல் 0.1 அளவு. பின்பக்கத்துக்கு 16-க்குக் குறைந்த வயர் வேண்டாம் என்பது என் கட்சி. மலிவாகக் கிடைக்கும் தடித்த வயரை நுனியில் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் தடை கூட.

ஏர்த் போல்ற்றைக் கழற்றி, பெயின்ற் போய் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, லக்கை உலோகத்தோடு நேராக வைத்து, மேலே வொஷர், பிறகு நட். இறுக்கிய பிறகு வசலின் பூசுங்கள், பூசிவிட்டு இறுக்குவதல்ல. முல்லைத்தீவு, பூநகரிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வான்களுக்கு இது வருடத்துக்கு ஒரு தடவை வேலை. அன்று மாங்குளத்தில் அந்த ஒரு போல்ற்றைச் சுரண்டியபின் மைனஸ் இழப்பு 0.05 ஆனது, பின் பற்றரியில் 13.8 ஏறியது.

ஏழாம் படி: இனித்தான் பற்றரி

சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். யுத்த காலத்தில், தடை விதித்த சாமான் பட்டியலில் பற்றரியும் இருந்தபோது, செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி கேட்டோம். ஆகவே பற்றரியைத் தூக்கி எறிய எங்களுக்கு மனம் வராது. ஆனால் அதே மனம் செத்த பற்றரியை இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு திரியவும் வைக்கும். சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

வெளியில் நல்ல சார்ஜரால் முழுதாக ஏற்றி, இரவு ஓய்வில் விடுங்கள். 12.7 இருக்க வேண்டும். பிறகு 55 வாற் ஹெட்லைற் பல்ப் ஒன்றை நேராக மாட்டுங்கள். அது 4.6 அம்பியர் அளவு எடுக்கும். 100 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரி என்றால் பத்து மணித்தியாலத்தில் ஏறக்குறையப் பாதி இறங்கும். பல்பைக் கழற்றி இரண்டு மணித்தியாலம் கழித்து 12.2-ஐ ஒட்டி இருந்தால் பற்றரி நல்லது. ஐந்து மணித்தியாலத்திலேயே அங்கே வந்துவிட்டால் பாதிக் கொள்ளளவு போய்விட்டது. எரிந்துகொண்டிருக்கும்போது 11-க்குக் கீழே விழ விடாதீர்கள்.

மூடி திறக்கும் பற்றரியென்றால் ஐதரோமீற்றரால் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஆறு அறையையும் பாருங்கள். நிறைவில் 1.26, 1.28 அளவு. ஓர் அறை மட்டும் மற்றவற்றிலிருந்து 0.05 விலகி நின்றால் அந்த அறை செத்தது, அதோடு பற்றரியும். தண்ணீர் குறைந்தால் பற்றரித் தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டுகிறதல்லவா, பற்றரிக்குள்ளும் அதைத்தான் செய்யும். ஆசிட்டும் விடக்கூடாது.

வெக்கையைப் பற்றி ஒரு சொல். சார்ஜர்களில் எழுதியிருக்கும் 14.4 என்பது 25 பாகைக்கான கணக்கு. ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வெட்டையில் நிறுத்திய வானுக்குள் சீற்றுக்கடியில் 40 பாகை சாதாரணம். அப்போது ஈயப் பற்றரிக்கு 14.0 அளவே போதும், 14.4-ஐத் தொடர்ந்து கொடுத்தால் தண்ணீர் வற்றும். சராசரிச் சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பதும் பழைய கணக்கு. பற்றரியை எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள், ஆசிட் பற்றரி என்றால் வெளியே காற்றுப் போக ஒரு குழாய் விடுங்கள், சோலார் சார்ஜருக்கு வெப்ப உணரி இருந்தால் அதைப் பற்றரியிலேயே ஒட்டுங்கள்.

ஓடும் தூரமும் கணக்கில் வர வேண்டும். பாதியான 100 அம்பியர்-மணி பற்றரிக்கு 50 திரும்பப் போட, இழப்போடு 60 அளவு வேண்டும். முதலில் 30 அம்பியர் இழுத்தாலும் நிரம்ப நிரம்பக் குறைந்து, கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணித்தியாலம் எடுக்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு ஓட்டத்தில் அது நிரம்பாது. மிச்சத்தைச் சோலாரிடம் விடுங்கள்.

கடைசி: சும்மா கிடக்கும்போது வடிவது

எல்லாம் சரி, இரண்டு கிழமை நிறுத்தினால் மட்டும் இறங்குகிறதா? எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரை 10 அம்பியர் வழியில் மாட்டுங்கள். அப்படி மாட்டியிருக்கும்போது எஞ்சினை ஸ்ராட் பண்ணக்கூடாது. 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் விடலாம். அரை அம்பியர் என்றால் மூன்று நாளில் 36 அம்பியர்-மணி போய்விடும். பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வரியில் தேடுங்கள். நான் கண்டவற்றில் இன்வேட்டரை (பற்றரி மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி) அணைக்காமல் விட்டதுதான் அதிகம்.

எல்லாம் முடிந்தபின், முன் பற்றரி, பின் பற்றரி, பிளஸ் இழப்பு, மைனஸ் இழப்பு என்ற நாலு எண்ணையும் திகதியோடு பற்றரிப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் எழுதுங்கள். மாரி முடிந்து தை மாதத்தில் அதே இடங்களில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். 0.05 ஆக இருந்த மைனஸ் 0.2 ஆகியிருந்தால், முதலில் கழற்ற வேண்டியது அந்த ஏர்த் போல்ற்றைத்தான்.